ஏழாம் நம்பர் உள்ளேன்

மே 12, திங்கள்

பயிற்சிக்குப் போனால் தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்பது பாலிடெக்னிக் உத்தரவு. அதற்கு நீல அட்டை நோட்டு இருக்கிறது. அதில் நல்ல பிள்ளையாக எழுதிக்கொள்வேன். இது சிவப்பு அட்டை. இதில் உள்ளது உள்ளபடி.

முதல் பக்கத்தில் என் பதக்கத்தை ஒட்டியாயிற்று: "10.2.2023 வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பள்ளியின் நீண்ட மணியை நானே அடித்து, மாணவியர் எண்ணூறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்ததற்கு மன்னிப்புக் கோருகிறேன். இப்படிக்கு, ஈ. பிரகதி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு." கீழே பெற்றோர் கையெழுத்து. இரண்டு பிரதி எழுதச் சொன்னார்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று சரித்திரத்துக்கு.

ஹெச்.எம். போன் பண்ணியதும் போட்டது போட்டபடி ஓடி வந்தவர் என் அப்பா ஈஸ்வரமூர்த்தி. வந்தார், கையைக் கட்டி நின்றார், கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. இப்படி ஒரு சாதனை எங்கள் தெருவில் எவளுக்கும் கிடையாது.

பயிற்சியும் அப்பா வேலை பார்க்கும் இடத்தில்தான். திருப்பூரைச் சுற்றியுள்ள சாயப்பட்டறைத் தண்ணீரெல்லாம் வந்து சேர்கிற சுத்திகரிப்பு நிலையம். ஊரில் யார் எவ்வளவு மினுக்கினாலும் கடைசியில் சாயம் வெளுப்பது இங்கேதான்.

மே 13, செவ்வாய்

வேலை இதுதான். கண்ட்ரோல் ரூமில் ஒரு தலைமை பிஎல்சி, அதாவது பம்புகளை மேய்க்கிற கம்ப்யூட்டர் பெட்டி. வெளியே எட்டு பம்ப் ரூம், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி பிஎல்சி. எட்டையும் ஒரே ஜோடி ஒயர் கோத்துக்கொண்டு போகிறது. தலைமை, டீச்சர் மாதிரி வருகைப்பதிவு எடுக்கிறது. "ஒன்று?" "உள்ளேன் ஐயா, பம்ப் ஓடுகிறது, தொட்டியில் ஆறடி தண்ணீர்." "இரண்டு?" "உள்ளேன் ஐயா." எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. நொடிக்கு ஒரு சுற்று, நாளெல்லாம்.

இதற்கு நாலு விஷயம் ஒத்துப்போக வேண்டும். எந்த வேகத்தில் பேசுவது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்புக் குறி வைப்பதா வேண்டாமா; அதற்குப் பெயர் பாரிட்டி. எழுத்து முடிந்ததற்கு அடையாளமாக எவ்வளவு இடைவெளி; அது ஸ்டாப் பிட். (பிட் அடிப்பதை நிறுத்தச் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்துவிட்டது.) பிறகு அவரவர் நம்பர். இதில் ஒன்று பிசகினாலும், ஒயர் நன்றாக இருக்கும், விளக்கு எரியும், இரண்டு பக்கமும் பேசும், ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் மாதிரி.

எல்லா பிஎல்சியையும் மாற்றிப் புதுசு போடுகிறார்கள். புது லைன், புது வேகம். ஒவ்வொன்றாகப் பழைய லைனிலிருந்து புது லைனுக்கு மாற்றும்போது செட்டிங்கைப் போடுவது நான், சரிபார்ப்பது அப்பா.

"படி."

"நம்பர் ஒண்ணு, ஸ்பீடு 19200, பாரிட்டி ஈவன், ஸ்டாப் பிட் ஒண்ணு."

"இன்னொரு தடவை படி. பாரிட்டி என்ன?"

"ஈவன்ப்பா."

"ஸ்கிரீனப் பாத்துச் சொல்லு."

ஒரு பிஎல்சிக்கு மூன்று தடவை படிக்கிறேன். பாரிட்டிக்கு மட்டும் நாலு. இந்த மனிதர் கடையில் மீதிச் சில்லறையைக்கூடப் பார்க்காமல் பையில் போடுகிறவர்.

மே 15, வியாழன்

கேபிள் போகிற வழியாக நடந்து, எது எங்கே என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஐந்து, ஆறு, எட்டு.

ஏழு பூட்டியிருக்கிறது. துருப்பிடித்த பூட்டு, வாசலில் எருக்கு முளைத்திருக்கிறது. தண்ணீரை ஆறுக்குத் திருப்பிவிட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். "ஏழரையைப் பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்றேன். கூட வந்த எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. என் நல்ல ஜோக்குகளுக்கு இந்த பிளாண்டில் மரியாதை இல்லை.

அப்பா ஆறிலிருந்து எட்டுக்கு நேராகப் போகாமல் வேலி ஓரமாகச் சுற்றிப் போகிறார். ஷூ சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

கண்ட்ரோல் ரூம் யு.பி.எஸ். பெட்டியில் ஏழுக்குப் போகும் சுவிட்சும் இன்னும் ஆனில், மேலேயே நிற்கிறது. அதில் நூலில் கட்டிய அட்டை: "ஆஃப் பண்ண வேண்டாம். ஈ.மூ." அப்பா கையெழுத்து. பூட்டின வீட்டுக்கு லைட்டு எதற்கு என்று கேட்டேன். "அப்புறம் பாக்கலாம்" என்றார்.

மே 17, சனி

அரை நாள். அம்மா குக்கர் வைத்தாள். விசில் வரப்போகும்போது அப்பா ஓடி வந்து அடுப்பை அணைத்தார், வழக்கம்போல. சோறு அரைவேக்காடு, வழக்கம்போல.

மே 20, செவ்வாய்

என் தொழில் வாழ்க்கையின் முதல் வெற்றி. விவரமாக எழுதுகிறேன்.

பழைய ஸ்கிரீனில் எட்டுக் கட்டம். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சாம்பல். ஏழு சாம்பலாகவே கிடக்கிறது, "பதில் இல்லை" என்று. ஆனால் தலைமை அதைக் கூப்பிடாமல் இல்லை. லிஸ்டிலிருந்து ஏழாம் நம்பரை யாரும் எடுக்கவேயில்லை!

என் லேப்டாப்பில் பம்ப் ரூம் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது. நம்பர் ஏழு, ஸ்பீடு 9600, பாரிட்டி ஈவன், ஸ்டாப் பிட் ஒன்று. பழைய லைனுக்கு இது. பெட்டிக்குப் பின்னால் போய் ஒயரைச் சொருகினேன். ஆபரேட்டர் சிகாமணியண்ணா முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

ஏழு பச்சையானது. பம்ப் ஓடுகிறது என்றும் காட்டியது.

"ஐயோ ஈஸ்வரண்ணா! ஏழு வந்துருச்சுங்ணா! ஏழு வந்துருச்சு!" நாற்காலி ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம். நான் மேஜைக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவரும் துளசிமணியக்கா உள்ளே வந்தார். அவர் கத்தவில்லை. பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். ஸ்கிரீன் பக்கத்தில் போய், பச்சைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இருக்காருங்களா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அப்பா வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார், என் ஒயரைப் பார்த்தார், பிடுங்கினார். கட்டம் இன்னும் மூன்று நொடி பச்சையாகவே இருந்து அப்புறம் சாம்பலானது. துளசியக்கா கையை எடுக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. வெளியே போய் வெயிலில் நின்றார். அந்த ரூமில் ஏசி அதிகம்.

மே 21, புதன்

மன்னிப்புக்காக சிகாமணியண்ணாவுக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கிப் போனேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"உனக்குத் தெரியாதா அம்முணி? துளசியக்காவோட ஊட்டுக்காரரு ராக்கியப்பண்ணன். ஏழாம் நம்பர் அவரு பொறுப்பு. தொட்டியில சில நேரம் விஷவாயு கௌம்பும். கௌம்புனா அங்க இருக்கற பிஎல்சி இங்க சொல்லோணும். இங்கிருந்து ஹார்ன் போகும், அங்கயும் அடிக்கும், இங்கயும் அடிக்கும். அன்னிக்கி அடிக்கலை. அவரு எப்பவும் போல ஏணியில எறங்கிட்டாரு."

"ஏன் அடிக்கலை?"

"நாந்தான் இதே சேர்ல உக்காந்திருந்தேன். ஏழு பச்சையாத்தான் இருந்துச்சு. சாமி சத்தியமா பச்சை. பச்சைன்னா லைன் நல்லாருக்குது. லைன் நல்லாருந்தும் ஹார்ன் அடிக்கலீன்னா? அங்க ஹார்னை நிறுத்தற பட்டன் ஒண்ணு இருக்குது. சத்தம் தொந்தரவுன்னு அவரே அமுக்கிட்டு எறங்கியிருக்காருன்னு விசாரணையில எழுதிட்டாங்க."

"அமுக்குற ஆளா அவர்?"

அண்ணா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சையாத்தானே அம்முணி இருந்துச்சு."

ஏழாம் நம்பரை ஏன் இன்னும் லிஸ்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். யார் எடுப்பது என்றார். எடுக்கச் சொல்லிப் பேச்சு வரும்போதெல்லாம் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களாம். ஆக, இரண்டே கால் வருஷமாகத் தலைமை நொடிக்கு ஒரு தடவை ஏழாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

பதிலுக்கு நான் "உள்ளேன் ஐயா" சொல்லியிருக்கிறேன்.

இதற்கு ஒரு ஜோக் யோசித்தேன். வரவில்லை.

மே 23, வெள்ளி

மூன்று மணிக்கு டீ. ரூமில் நான் மட்டும். துளசியக்கா டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் இப்படித்தான் நின்று ஸ்கிரீனைப் பார்க்கிறார்.

"அன்னிக்கிப் பச்சையானது நீ பண்ண வெளையாட்டுன்னு ஈஸ்வரண்ணன் சொன்னாங்க."

"மன்னிச்சிருங்கக்கா. எனக்குத் தெரியாது."

"அது கெடக்குது உடு. நான் கேக்கறது வேற. அந்தப் பொட்டி எல்லாத்தையும் எண்ணி வெக்கும்னு அவரு சொல்லுவாரு. எத்தன தடவ பம்பு போட்டேன், எத்தன தடவ நிறுத்துனேன், எல்லாம் அதுக்குத் தெரியும் புள்ள, ஏமாத்த முடியாதும்பாரு. அப்ப அந்தப் பட்டனை அமுக்குனதையும் எண்ணியிருக்குமல்ல?"

"இருக்கும்க்கா. ஆனா அது செத்துப்போச்சு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "என்ற பையன் ஒம்பதாவது படிக்கறான். ஏம்மா அப்பன் அதை அமுக்குனாருன்னு கேக்கறான். திங்கற சோத்துல கையை வெச்சுட்டுக் கேக்கறான். பள்ளிக்கூடத்துல எவனோ சொல்லியிருக்கான், உங்கப்பன் சாவை அவனே தேடிக்கிட்டான்னு. அமுக்குனாருன்னா அமுக்குனாருன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு நெசம் தெரிஞ்சாப் போதும். அது பேசுமா அம்முணி?"

பேசாதுக்கா என்றேன்.

பழைய பெட்டி, பழைய ஒயர், ஏழாம் ரூமில் இருப்பது எல்லாவற்றையும் ஜூன் 3 அன்று காயலான் கடைக்காரர் வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகிறார்.

மே 26, திங்கள்

காலையில் எட்டாம் நம்பரும் புது லைனுக்கு மாறிவிட்டது. பழைய தலைமையை நிறுத்தினோம். பழைய லைன் காலி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் லேப்டாப்பைப் பழைய லைனில் சொருகினேன். இந்தத் தடவை கூப்பிடுகிற பக்கம் நான்.

ஏழு, 9600, ஈவன், ஒன்று. பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். அக்காவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. நாலு வேகம், மூன்று விதப் பாரிட்டி, இரண்டு விதமாக ஸ்டாப் பிட். மொத்தம் இருபத்து நாலு சேர்க்கை. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றிலும் கூப்பிட்டேன். ஏழு? இல்லை. ஏழு? இல்லை. வாய்விட்டே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

9600, பாரிட்டி கிடையாது, ஸ்டாப் பிட் இரண்டு.

பதில் வந்தது.

கையை எடுத்துவிட்டேன். என் நடிப்புப் புரோகிராம் ஓடுகிறதா என்று பார்த்தேன். இல்லை. அதை லேப்டாப்பிலிருந்தே அழித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். வந்தது. லேப்டாப்பை அணைத்துத் திறந்து கூப்பிட்டேன். வந்தது.

ஜன்னல் வழியே ஏழாம் ரூம் தெரிகிறது. அதே பூட்டு. அதே எருக்கு. நல்ல வெயில்.

கேட்கிற பாஷையில் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மே 27, செவ்வாய்

அதில் இருந்ததை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

விஷவாயு எச்சரிக்கை: உண்டு. 10-02-2023, 12.10.

ஹார்னை நிறுத்தும் பட்டன் அமுக்கிய எண்ணிக்கை: 0.

செட்டிங் கடைசியாக மாற்றியது: 10-02-2023, 10.52. யார் மாற்றியது என்று அதில் இல்லை. பிஎல்சி அன்றுதான் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். நம்பர் போட்டிருக்கிறது. வேகம் போட்டிருக்கிறது. பாரிட்டியும் ஸ்டாப் பிட்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. யாரோ பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள்.

அதனால் தலைமை கூப்பிட்டது இதற்குக் கேட்கவில்லை. இது "வாயு, வாயு" என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்க ஆளில்லை.

அப்படியானால் பச்சை எப்படி? பழைய தலைமையின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். "பதில் வராவிட்டால், கடைசியாக வந்ததையே வைத்திரு" என்று ஒன்று இருந்திருக்கிறது. பழைய பிஎல்சி கழற்றுவதற்கு முன் கடைசியாக "எல்லாம் நலம்" என்று சொன்னதையே ஸ்கிரீன் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த செட்டிங்கைப் பிறகு யாரோ நீக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் குறிப்பு: "13-02-2023. இனி வேண்டாம். ஈ.மூ."

செட்டிங் போடுகிற கேபிள் அப்போது பிளாண்டில் ஒன்றுதான் இருந்ததாம். யாரிடம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பத்தாம் தேதியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. யோசித்தால் வரும்.

மே 28, புதன்

மதியத்துக்குத் தக்காளி சாதம்.

மே 29, வியாழன்

நீல நோட்டில் இரண்டு நாள் பாக்கி எழுதினேன். "தொடர் தகவல் தொடர்பு அமைப்புகளைக் கற்றுக்கொண்டேன்."

மூன்று மணிக்கு துளசியக்கா வருவதற்கு முன் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

மே 30, வெள்ளி

சிவப்பு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். மூடினேன்.

பத்தரைக்கு மணி. பள்ளி கேட் வரை கூட்டம் கத்திக்கொண்டு ஓடிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஹெச்.எம். அறையில் நிற்க வைத்தார்கள். அவர் போனை எடுக்கும்போது எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. பத்து ஐம்பதோ என்னவோ. சரியாக ஞாபகமில்லை.

ஞாபகம் இருக்கிறது. பத்து ஐம்பது.

ஜூன் 1, ஞாயிறு

அம்மா பனியன் கம்பெனிக்கு ஓவர்டைம் போய்விட்டாள். பருப்புக்குக் குக்கர் வைத்தது நான். அப்பா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். குக்கர் சீறத் தொடங்கியதும் எழுந்து வந்தார். நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அப்பா, ஏழாம் நம்பர் பேசுதுப்பா."

விசில் அடித்தது. அவர் தோள் குலுங்கியது. அது அடங்கியதும் கேட்டார்.

"எந்த ஸ்பீடு?"

"9600."

"பாரிட்டி?"

"இல்லப்பா."

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார். "ஆமா. போடல."

"தெரியுமாப்பா உங்களுக்கு?"

"ராக்கியப்பனைத் தூக்கி வெளிய போட்டாங்க. ஹார்ன் ஏன் அடிக்கலீன்னு எல்லாரும் கேட்டாங்க. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஸ்பீடு போட்டேன். அடுத்து பாரிட்டி. அதுக்குள்ள போன் வந்துச்சு. போற போக்குல சிகாமணிகிட்ட ஏழு வந்துருச்சான்னு கேட்டேன், பச்சைன்னான். பைக்கை எடுத்துட்டேன்."

"யாரு போன்?"

அடுப்பைப் பார்த்தார். "யாரோ."

என் அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தும் பழகவில்லை.

"ஹெச்.எம். தானே?"

"மணி அடிச்சது நீ. பாரிட்டி போடாதது நான். ரெண்டையும் முடிச்சுப் போடாத பாப்பா. போன் வந்தா, முடிச்சுட்டுப் போறேன்னு சொல்றதுதான் என்ற வேலை."

"அக்காகிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"தெனமும் சொல்லலாம்னுதான் போறேன். துளசிமணி டீ கொண்டாந்து வெக்கும். குடிச்சுட்டு வந்துருவேன்." பிறகு, "ஏழுல இருக்கற பொட்டிக்குள்ள பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. அந்த சுவிட்சை ஒருக்கா எறக்குனாப் போதும், எல்லாம் அழிஞ்சுரும். மேனேஜர் நாலு தடவ எறக்கச் சொன்னாரு. எறக்கல. அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது."

அந்தப் பூட்டின ரூமுக்குள் சாட்சியைச் சாகவும் விடாமல், பேசவும் விடாமல் வைத்திருந்திருக்கிறார். நான் அதில் போய் விளையாடியிருக்கிறேன்.

குக்கர் மொத்தம் ஐந்து விசில் அடித்தது. இரண்டு பேருமே எழுந்துபோய் அணைக்கவில்லை. பருப்பு கருகிவிட்டது.

ஜூன் 2, திங்கள்

அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜரிடம் போகவில்லை. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மூன்று மணிக்காகக் காத்திருந்தார். பழைய லைனில் லேப்டாப்பைச் சொருகச் சொன்னார். சிகாமணியண்ணாவையும் இருக்கச் சொன்னார்.

துளசியக்கா வந்து மூன்று டம்ளரில் ஊற்றினார். அப்பா எடுக்கவில்லை.

"துளசிமணி, கொஞ்சம் உக்காரு. ஏழு பேசுது. நீ கேட்டதை பாப்பா படிக்கும்."

அக்கா உட்காரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் கூப்பிட்டேன். வந்தது.

"பட்டன் அமுக்குன எண்ணிக்கை, பூஜ்யம்க்கா."

"பூஜ்யம்னா?"

"ஒரு தடவகூட அமுக்கல."

"இன்னொருக்கா படி."

"பூஜ்யம்."

"ஸ்கிரீனைப் பாத்துப் படி."

பார்த்துப் படித்தேன். ஐந்து தடவை படிக்கவைத்தார். ஆறாவது தடவை நான் வாயைத் திறக்கும்போது கையைக் காட்டி நிறுத்தினார். சிகாமணியண்ணா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப ஏன் அடிக்கல?" என்றார் அக்கா.

அப்பா எழுந்து நின்றார். பள்ளியில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். புதுப் பெட்டி மாட்டியது, பாதியில் எழுந்தது, பச்சையை நம்பியது, அன்று சாயந்திரமே தெரிந்தது. குரல் எங்கேயும் உடையவில்லை. பாரிட்டி என்றால் என்ன என்று மட்டும் அக்கா ஒருமுறை கேட்டார். "எழுத்துச் சரியா வந்துச்சான்னு பாக்கற ஒரு குறி" என்றார் அப்பா. "அத்தினியூண்டு" என்று விரல் நுனியைக் காட்டினார்.

அக்கா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருசமா என்ற கையில டீ வாங்கிக் குடிச்சீங்க. சக்கரை கம்மியா வேணும்னு கேக்கத் தெரிஞ்சுதல்லங்க உங்களுக்கு?"

அப்பா மேஜை மேல் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

"எழுதுங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. என்ற பையன் படிக்கோணும்." ஊற்றின மூன்று டம்ளரையும் எடுத்து வெளியே கொட்டிவிட்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 3, செவ்வாய்

காயலான் கடை வண்டி வந்தது, வெறுமனே திரும்பிப் போனது. நேற்று சாயந்திரமே அப்பா தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாராம்; ஏழுக்குப் போகும் சுவிட்சில் இப்போது அரசாங்க சீல் வைத்த அட்டை தொங்குகிறது. அப்பாவின் அட்டை அதன் பின்னால் மறைந்துவிட்டது. மேனேஜர் அப்பாவை இனி உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டீ யாரும் கொண்டுவரவில்லை.

ஜூன் 4, புதன்

அப்பா வாக்குமூலம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

"காலை 10.52 மணிக்கு, சொந்த வேலை காரணமாக, அமைப்பை முடிக்காமல் வெளியே சென்றேன்."

பேனாவை நிறுத்தினேன். "என்ன சொந்த வேலைன்னு கேப்பாங்கப்பா."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். எழுது."

எழுதினேன். படிக்கச் சொன்னார். மூன்று தடவை படித்தேன். அந்த இரண்டு வார்த்தை வரும்போதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜூன் 5, வியாழன்

அப்பாவிடம் சொல்லாமல் துளசியக்கா வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. பையன் உள்ளே எதையோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அப்பா எழுதிக் குடுத்ததுல சொந்த வேலைன்னு ஒண்ணு இருக்கும். அந்தச் சொந்த வேலை நான்தான்."

முதல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். படித்துக் காட்டினேன். பதக்கம் என்று ஒட்டி வைத்ததை இப்படிப் படிப்பேன் என்று நினைத்ததில்லை. "எண்ணூறு பேரையும்" என்ற இடத்தில் வரி தவறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

அக்கா கையில் சாம்பலோடு கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மனப்பாடம் நின்றுவிட்டது.

"நீயா அடிச்ச?"

"ஆமாங்க்கா."

"வெளையாட்டுக்கா?"

"ஆமாங்க்கா."

"நல்லாக் கேட்டுதா சத்தம்?"

"ஊருக்கே கேட்டுச்சு."

அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார். துலக்கவில்லை.

"எல்லாப் புள்ளைகளும் வெளிய வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க்கா. எல்லாரும்."

தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டு, அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார். வெளியே வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த நோட்டுக்கு இனி முதல் பக்கம் கிடையாது.